சக்கரச் சீரமைப்பும் டயர் தேய்மானமும்

கணக்கியலில் தேய்மானம் என்பது ஒரு சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் குறிக்கும். நேர்கோட்டு முறையில் அக்குறைவு எல்லா ஆண்டுகளிலும் சமமாக இருக்கும். காரின் டயரும் தன் அகலம் முழுவதும் அவ்வாறே சமமாகத் தேய வேண்டும். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்துவிட்டால், நடுவில் எவ்வளவு ரப்பர் எஞ்சியிருந்தாலும் அந்த டயரின் ஆயுள் முடிந்துவிடுகிறது. கார்க் கடன் பெறுவோர் மாதத் தவணை, எரிபொருள், காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். டயர்ச் செலவைக் கணக்கில் கொள்வோர் சிலரே.

வாஷியில் வாழ்வோருக்கு இது நெருக்கமான செய்தி. கழிமுகப் பாலத்தைக் கடந்து செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் அன்றாடம் செல்லும் கார், விடுமுறை நாளில் விரைவுச்சாலை வழியாகப் புணேவுக்கும் செல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் சாலைகளில் குழிகள் தோன்றுகின்றன. நீர் நிரம்பிய குழியின் ஆழம் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதில் வேகமாக இறங்கி ஏறும் சக்கரத்தின் கோணங்கள் மாறிவிடக்கூடும்.

மூன்று கோணங்கள்

அலைன்மென்ட் எனப்படும் சக்கரச் சீரமைப்பில் முதன்மையாக மூன்று கோணங்கள் அளக்கப்படுகின்றன.

முதலாவது டோ. காரை மேலிருந்து நோக்கினால், இரு சக்கரங்களின் முன்பகுதிகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருப்பது டோ-இன், விலகியிருப்பது டோ-அவுட். டோ-இன் மிகுந்தால் டயரின் வெளிவிளிம்பும், டோ-அவுட் மிகுந்தால் உள்விளிம்பும் விரைவாகத் தேயும். அதோடு, டயரின் குறுக்கே கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் கூர்மையாகவும் உணரலாம்.

இரண்டாவது கேம்பர். காரை முன்னிருந்து நோக்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு இது. மேற்பகுதி உட்புறம் மிகுதியாகச் சாய்ந்தால் உள்விளிம்பு தேயும். வெளிப்புறம் சாய்ந்தால் வெளிவிளிம்பு தேயும். இத்தேய்மானம் பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். டோ பிழையில் காணும் கூர்மை இதில் இராது.

மூன்றாவது காஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டிலிருந்து நோக்கும்போது முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் அளவு இது. இது டயரை நேரடியாகத் தேய்ப்பது குறைவு. இரு பக்கமும் வேறுபட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

சிறு பிழையின் பெருங்கணக்கு

மூன்றனுள் டயரை மிகுதியாகத் தேய்ப்பது டோ பிழையே. ஒரு சக்கரம் தான் ஓட வேண்டிய திசையிலிருந்து 0.1 பாகை விலகியிருப்பதாகக் கொள்வோம். அந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் வடிவியல் கணக்கின்படி, அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.75 மீட்டர் பக்கவாட்டில் உரசிச் செல்கிறது. வாஷியிலிருந்து புணேவுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் எனக் கொண்டால், ஒரு வழிப் பயணத்தில் இந்த உரசல் 210 மீட்டர். 10,000 கிலோமீட்டர் ஓடிய பின் அது 17 கிலோமீட்டரைக் கடந்துவிடும்.

இதனைப் பணமாகவும் பார்க்கலாம். முன்பக்க டயர்கள் இரண்டின் விலை ரூ. 10,000 என்றும், அவை 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 1,000 கிலோமீட்டருக்கு ஆகும் டயர்ச் செலவு ரூ. 250. அவை 20,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டால் அச்செலவு ரூ. 500 ஆகிறது.

பணத்தைவிடப் பெரிது பாதுகாப்பு. டயரின் பள்ளங்களே மழைநீரை வெளியேற்றிப் பிடிமானம் தருகின்றன. நம் நாட்டு விதிகளின்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு ரப்பர் மேடுகள் இந்த அளவைக் காட்டும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்த டயர் வெளியிலிருந்து நன்றாகவே தோன்றுவதால் ஆபத்து மிகுதி. நிறுத்திய காரின் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிவிட்டு இறங்கிப் பார்த்தால் முன்பக்க டயர்களின் உள்விளிம்பு தெரியும். மாதம் ஒருமுறை இவ்வாறு பார்ப்பது நலம்.

எல்லாத் தேய்மானமும் அலைன்மென்ட் பிழையன்று

காற்று குறைந்தால் இரு விளிம்புகளும் தேயும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும். டயரின் சுற்றில் ஆங்காங்கே குழிவிழுந்தாற்போல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்ந்தால் தேவைப்படுவது பெரும்பாலும் பேலன்சிங். அது எடையைச் சமன்செய்யும் பணி, கோணத்தைத் திருத்தாது. மழைநீர் வடிவதற்காகச் சாலையே ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். ஆகவே கார் இடப்புறம் லேசாக இழுப்பதைக் கண்டவுடன் பழுதென முடிவுசெய்ய வேண்டியதில்லை. காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சமதளத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

அலைன்மென்ட் செய்வதற்கு முன் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, டை ராட் முனைகளும் பால் ஜாயின்ட்களும் தளர்ந்துள்ளனவா எனப் பார்க்கச் சொல்ல வேண்டும். தளர்ந்த பாகத்தின் மேல் செய்யும் சீரமைப்பு நிலைக்காது. நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்வது நல்லது. பின்சக்கரங்கள் கோணலாக இருந்தால் முன்பக்கத்தை மட்டும் திருத்திப் பயனில்லை.

பணி முடிந்ததும் அச்சிட்ட அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். திருத்துவதற்கு முன் இருந்த அளவு, திருத்திய பின் உள்ள அளவு, தயாரிப்பாளர் அனுமதித்த எல்லை ஆகிய மூன்றும் அதில் இருக்கும். சிறிய கார்கள் பலவற்றில் எளிதில் திருத்தக்கூடியது முன்பக்க டோ மட்டுமே. ஆகவே கேம்பர் எல்லைக்கு வெளியே இருப்பின், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கலாம் என்று பொருள். காரணத்தை விசாரிக்க வேண்டும். அறிக்கைகளைக் கோப்பில் சேர்த்து வைத்தால், அதே பிழை மீண்டும் வருகிறதா என ஒப்பிடலாம்.

காப்பீடு தருமா?

வழக்கமான முழுமைக் காப்பீட்டில் தேய்மானத்திற்கு இழப்பீடு இல்லை. டயர் மட்டும் சேதமடைந்தாலும் இல்லை. அதே விபத்தில் வாகனமும் சேதமடைந்தால் புதிய டயர் விலையில் 50 விழுக்காடு வரையே கிடைக்கும். டயருக்கெனக் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் பிரிவிலும் இயல்பான தேய்மானம் பொதுவாக இடம்பெறுவதில்லை. ஆகவே இச்செலவு முழுவதும் உரிமையாளரையே சேரும்.

காரின் கையேடு கூறும் இடைவெளியில் அலைன்மென்டைச் சரிபார்ப்பது முறை. பெரிய குழியில் இறங்கிய பின்னும், ஸ்டீயரிங் அல்லது சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றிய பின்னும், புதிய டயர் பொருத்தும்போதும் இடைவெளி முடியும்வரை காத்திருக்கலாகாது. மழைக்காலம் முடிந்த அக்டோபரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால், தீபாவளிப் பயணத்திற்குக் கார் ஆயத்தமாக இருக்கும்.