கிராம ஊழியரின் பணிச் சோர்வும் ஊராட்சியின் கடமையும்

கிராம அபிவிருத்திக்கு நிதி வேண்டும், நல்ல திட்டம் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அத்திட்டத்தை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் ஊழியரின் உள்ளத்தில் ஊக்கம் இருத்தலும் வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊராட்சிச் செயலர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் முதலியோருள் சிலர் ஆர்வத்துடன் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் களையிழந்து போவதைக் காண்கிறோம். ‘சோம்பேறியாகிவிட்டார்’ என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பு சரியானதுதானா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இந்நிலைக்குத் தெளிவான விளக்கம் அளித்தது. பணியிடத்தில் நெடுநாள் நீடித்து, தக்கவாறு தணிக்கப்படாத மன அழுத்தத்தின் விளைவே பணிச் சோர்வு. அதன் அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிப் போதல், வேலையில் வெறுப்பும் ஒட்டாமையும் உண்டாதல், செயல்திறன் குன்றுதல். இதனை அந்நிறுவனம் நோயாக வகைப்படுத்தவில்லை. தொழில் சார்ந்த நிலை என்றே குறிப்பிட்டது. ஆகவே, காரணத்தை வேலை அமைந்துள்ள முறையிலும் தேடுதல் வேண்டும். கடைமடைக்கு நீர் எட்டாவிடில் நாஞ்சில் நாட்டு உழவர் நீரைப் பழிப்பதில்லை. கால்வாயில் அடைப்பு எங்கே என்றுதான் பார்க்கிறார்.

கடும் உழைப்பு மட்டுமே சோர்வுக்குக் காரணம் எனக் கருதுதல் தவறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நமது மாவட்டத்தைத் தாக்கியது. இரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. அந்நாட்களில் ஊழியர்கள் உறக்கமின்றி உழைத்ததை நாம் அருகிருந்து கண்டோம். உடல் களைத்ததேயன்றி உள்ளம் தளரவில்லை. செய்த வேலையின் பயன் கண்முன் தெரிந்தது. ஊரே துணை நின்றது. பின்னர் ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் மும்முறை எழுதும்படி நேர்ந்தபோது, அதே ஊழியர்கள் வாடிப் போயினர். அப்படிவங்களுள் ஒன்றைக் கேட்டவர்கள் நாமே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சோர்வை விளைவிக்கும் அமைப்புக் குறைகளை உளவியல் அறிஞர்களான கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் ஆகிய இருவரும் ஆறாகப் பகுத்தனர். தாங்கவொண்ணாத வேலைப்பளு, வேலையை நடத்தும் முறையில் சுதந்திரமின்மை, உழைப்புக்கேற்ற பலனோ பாராட்டோ இல்லாமை, உடன் பணிபுரிவோரிடையே ஒற்றுமைக் குறைவு, பாரபட்சம், மனச்சாட்சிக்கு முரணான வேலை என்பன அவை. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதும்படி ஏவப்படும் ஊழியர் எவ்வளவு நாள் ஊக்கத்துடன் இருப்பார்?

இது புதிய படிப்பினை அன்று. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவக் என்னும் ஊழியரிடம் விவசாயம், கால்நடை, சுகாதாரம், கல்வி எனப் பல பொறுப்புகள் ஒருசேரச் சுமத்தப்பட்டன. ஒவ்வொரு துறையும் தன் வேலையே முதன்மையானது என்றது. ஓர் ஏர் மாட்டை ஐவர் ஐந்து பக்கம் ஓட்டினால் உழவு நடக்குமா? 1970-களில் டேனியல் பெனோர் வகுத்த ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்னும் முறையில், விரிவாக்க ஊழியருக்கு விவசாயப் பணி ஒன்றே தரப்பட்டது. ஒரே மேலதிகாரியும், இரு வாரங்களுக்கு ஒருமுறை உழவரைக் காணும் நிச்சயமான அட்டவணையும் அமைந்தன. செலவு மிகுதியாலும் நெகிழ்வின்மையாலும் அம்முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. எனினும் பொறுப்பின் எல்லை தெளிவாக இருத்தல் வேண்டும் என்னும் பாடம் நிலைத்து நிற்கிறது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தை நோக்குவோம். இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, ஊட்டச்சத்துக் கல்வி ஆகிய ஆறு சேவைகளை அது கொண்டது. இவற்றுள் பலவற்றுக்கு அங்கன்வாடிப் பணியாளரே துணை. குழந்தைகளோடு இருக்க வேண்டிய வேளையை ஏடுகளும் கைப்பேசிப் பதிவுகளும் விழுங்கிவிட்டால், நட்டம் அவருக்கு மட்டுமன்று. நம் குழந்தைகளுக்கும் உண்டு.

ஊதியத்தையும் பணியிடங்களையும் நிர்ணயிப்பது அரசின் பொறுப்பு. எனினும் ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ளவையும் சில உண்டு:

1. ஊழியருக்கு உரிய வேலை எது, உரியதல்லாதது எது என்பதை எழுதி அலுவலகத்தில் ஒட்டி வைத்தல்.

2. மக்களின் குறைகளை உறுப்பினர் வழியாகத் திரட்டி, அவசரமல்லாதவற்றை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் சேர்த்துத் தெரிவித்தல். நள்ளிரவு அழைப்பை உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுதல்.

3. ஒரே விவரத்தைப் பல அலுவலகங்கள் கேட்டால், மன்றத்தின் சார்பில் ஒன்றியத்துக்கு எழுதுதல்.

4. பிழையைத் தனியே அழைத்துச் சொல்லுதல். நற்பணியைக் கிராம சபையில் பெயர் சொல்லிப் பாராட்டுதல்.

5. பொய்க் கணக்கு எழுதும்படி எவரையும் வற்புறுத்தாதிருத்தல்.

கடமை தவறுவோரைக் கண்டிக்க வேண்டாம் என்பது நமது கருத்தன்று. கண்டிக்குமுன் விசாரித்தல் வேண்டும் என்பதே கருத்து. அடுத்த மன்றக் கூட்டத்தில் ஊழியர்களை அழைத்து, ‘உங்கள் வேலைக்கு எது தடையாக உள்ளது?’ என்று உறுப்பினர்கள் ஒருமுறை கேட்கட்டும். கேட்டு, ஒரு தடையையேனும் நீக்கித் தரட்டும். அதன் பயன் முதலில் ஊருக்கே கிட்டும்.