பழைய கடைவீட்டை அடையாளம் காண்பது எப்படி?

கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு: இதுவே கடைவீடு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் பலர் தொழில் தொடங்கியது இத்தகைய வீடுகளில்தான். இவற்றுள் சில நம்மவருக்குச் சொந்தமானவை. சில வாடகைக்கு எடுத்தவை. சில வக்ஃபுச் சொத்துகள். ஆனால் பழுதுபார்க்கும் வேளை வந்ததும், “பழசுதானே!” என்று உடைக்கவும் பூசவும் முனைந்துவிடுகிறோம். எதை உடைக்கிறோம் என்று அறியாமல் உடைப்பது பெரு நஷ்டம். ஆகவே, ஒரு கடைவீடு எக்காலத்தது, எப்பாணியைச் சேர்ந்தது என்று கண்டறியும் வழியை இங்கே கவனிப்போம்.

முதலில் பொது அம்சங்களை அறிந்துகொள்வோம். முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீண்டும் இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சுவர். காற்றும் வெளிச்சமும் வர நடுவில் திறந்த முற்றம். வாசலில் வெயில், மழை படாத ‘அஞ்சடி’ நடைபாதை. சிங்கப்பூரில் இந்நடைபாதைக்கு வித்திட்டது, 1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு அளித்த கட்டளையாகும்.

இவையெல்லாம் எல்லாக் கடைவீட்டுக்கும் பொதுவானவை. வேறுபாட்டை அறிய, தெருவின் எதிர்ப்புறம் நின்று மேல்மாடியை நோக்க வேண்டும். உயரம், ஜன்னல்களின் எண்ணிக்கை, அலங்காரம் ஆகிய மூன்றையும் வரிசையாகக் கவனித்தால் போதும்.

1. ஆரம்பப் பாணி (1840-1900): வீடு தாழ்ந்து, குட்டையாகத் தோன்றும். பெரும்பாலும் இரண்டு மாடிதான். மேலே ஒன்று அல்லது இரண்டு ஜன்னல்கள். அலங்காரம் மிகக் குறைவு.

2. முதல் இடைக்காலப் பாணி (1900களின் தொடக்கம்): உயரம் சற்றுக் கூடும், மூன்று மாடி வீடுகளும் உண்டு. மேலே பெரும்பாலும் இரண்டு ஜன்னல்கள். ஜன்னலின் மேல் காற்றுத் துவாரங்கள், ஆங்காங்கே எளிய வேலைப்பாடுகள் காணப்படும்.

3. பிற்காலப் பாணி (1900-1940): பார்த்தவுடன் மனத்தைக் கவர்வது இதுவே. மாடியில் மூன்று ஜன்னல்கள் நெருங்கி நிற்க, சுவர்ப் பரப்பே குறைந்துவிடும். ஐரோப்பியத் தூண்கள், மலாய் மரச் சித்திர வேலை, சீனரின் பீங்கான் சில்லுப் பதிப்பு, பூப்போட்ட வர்ணக் கற்கள் யாவும் ஒரே முகப்பில் கூடியிருக்கும். சிங்கப்பூர் கூன் செங் ரோட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

4. இரண்டாம் இடைக்காலப் பாணி (1930களின் பிற்பகுதி): அந்த ஆடம்பரம் அடங்கி, கோணங்களும் நேர்கோடுகளும் தலைகாட்டும்.

5. ஆர்ட் டெக்கோ பாணி (1930-1960): வர்ணக் கற்கள் அரிது. நேர்கோடுகளும் வளைவுகளுமே அலங்காரம். சில வீடுகளின் உச்சியில் ஆண்டு பொறித்திருக்கும், கொடிக்கம்பமும் இருக்கும்.

இந்த ஆண்டுக் கணக்கு சிங்கப்பூரைச் சார்ந்தது. பினாங்கிலும் வளர்ச்சி ஏறக்குறைய இவ்வழியே சென்றது.

ஓர் எச்சரிக்கை. உச்சியில் உள்ள ஆண்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய வீட்டுக்குப் புது முகப்பு வைத்துக் கட்டிய ஆண்டாகவும் அது இருக்கலாம். ஆகையால் முற்றத்தையும், கூரை மரங்களையும், பின்புறச் சுவரையும் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும். சிங்கப்பூரில் 1884 முதல் நகராட்சியிடம் அளிக்கப்பட்ட கட்டட வரைபடங்கள் பல தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

சரி, இதனால் பயன் என்ன? பழைய வீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மேலே ஏறும், உப்புப் பூத்து, பூச்சு உதிரும், செங்கல்லும் பொடியும். உறுதிக்கென்று செய்த செலவே சுவரைக் கெடுத்துவிடும்! கான்கிரீட் கொண்டு கட்டிய பிற்கால வீட்டுக்கு ஏற்ற வைத்தியம், சுண்ணாம்பு வீட்டுக்கு ஏற்றதன்று. பாணியை அறிந்தால் வயது தெரியும். வயது தெரிந்தால் வைத்தியம் தெரியும்.

சட்டமும் உண்டு. சிங்கப்பூரில் 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டவை. அவற்றில் வேலை தொடங்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன.

எனவே வீட்டுக்காரரும், கடைக்காரரும், வக்ஃபுச் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களும் கொத்தனாரை அழைக்குமுன் ஒருமுறை எதிர்ப்புறம் நின்று தம் வீட்டை ஏறிட்டுப் பார்க்கட்டும். ஜன்னல்களை எண்ணட்டும், படம் எடுத்து வைக்கட்டும். பெயர்த்தெறிந்த பழைய பூக்கல்லுக்கு ஈடான கல் பிறகு எளிதில் கிடைக்காது.