மாடு சினையானதை மாட்டுக்குச் சொல்வது யார்?



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கண் கலங்கிப் பேசினார். "மூணு தடவை சினை ஊசி போட்டாச்சு, நிக்கலை. கடன் தவணை ஓடிக்கிட்டே இருக்கு. வீட்ல எனக்குக் கைராசி இல்லைங்கறாங்க. மாட்டை வித்துடலாமான்னு இருக்கு" என்றார். கறவை மாட்டுக் கடன் வாங்கிய பலருக்கும் இந்தக் கவலை உண்டு. ஊசி போட்ட பிறகு மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், கைராசிப் பேச்சுக்கு நாமே பதில் சொல்லலாம்.

கரு கொடுக்கும் தகவல்

கருமுட்டை வெளிவந்த இடத்தில், சினைப்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கட்டி உண்டாகும். அதுதான் சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. கரு இல்லையென்றால் 16, 17-ஆம் நாள் வாக்கில் கருப்பை ஒரு பொருளை அனுப்பி அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். மாடு 21-ஆம் நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வரும்.

கரு இருந்தால்? அந்த நாளில் அது இன்னும் கருப்பையில் ஒட்டியிருக்காது. நூல் மாதிரி நீண்டு மிதந்துகொண்டிருக்கும். அப்படி நீளும்போதே "நான் இருக்கேன், கட்டியைக் கரைக்காதே" என்று தாய்க்குச் சொல்ல ஒரு புரதத்தைச் சுரக்கும். அதன் பெயர் இன்டர்ஃபெரான் டவ். அந்தத் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், உயிரோடு இருக்கும் கருவும் கலைந்துவிடும்.

நோயை விரட்டியது, சேதி சொல்ல வந்தது

இந்தப் புரதம் வந்த கதை ஆச்சரியமானது. வைரஸ் தாக்கிய செல், பக்கத்துச் செல்களை எச்சரிக்க இன்டர்ஃபெரான் என்ற பொருளை விடுகிறது. இதை 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். செம்மறி ஆட்டின் கருவிலிருந்து வரும் சேதிப் புரதத்தை 1982-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். அதுவும் ஒரு இன்டர்ஃபெரான்தான் என்பது 1987-இல் தெரிந்தது.

சுமார் 3 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், வைரஸை எதிர்க்கும் ஒரு மரபணுவுக்கு நகல் ஒன்று உண்டானது. ஒரு கைமுறைக் குறிப்பைப் பார்த்து எழுதும்போது ஒரு வரி மாறிப்போவது போல, நகலில் சில மாற்றங்கள் வந்தன. பழைய மரபணு வேலை செய்ய வைரஸ் வர வேண்டும். நகலுக்கு அது தேவையில்லை. கருவின் வெளித்தோலில், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வேலை செய்யும். மாடு, ஆடு, மான், ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றிடம் இது உண்டு. பன்றியிடம் இல்லை. அசைபோடும் ஒட்டகத்திடமும் இல்லை.

நமக்கு வேறு வழி. மனிதக் கரு சீக்கிரமே கருப்பையில் ஒட்டிவிடும். அது சுரக்கும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்திலும் சிறுநீரிலும் கலக்கும். கர்ப்பம் பார்க்கும் பட்டை காட்டுவது அதைத்தான். "அந்தப் பட்டையை மாட்டுக்கும் வைக்கலாமா?" என்று ஒரு தங்கை கேட்டார். வைத்தால் பணம்தான் வீண். மாட்டிடம் அந்த ஹார்மோனே இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுங்கள். தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

2. முதல் மூன்று வாரம் மாட்டை வெயிலில் கட்டாதீர்கள். நிழல், நிறையத் தண்ணீர், பசுந்தீவனம், தாது உப்புக் கலவை கொடுங்கள். உடம்புச் சூடும் பட்டினியும் கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும். வளராத கருவால் சேதி சொல்ல முடியாது.

3. 18 முதல் 24-ஆம் நாள் வரை காலை, மாலை கவனியுங்கள். கத்துகிறதா, வழும்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

4. பருவத்துக்கு வரவில்லை என்பதால் மட்டும் சினை என்று முடிவு கட்டாதீர்கள். 60 நாளுக்கு மேல் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சினை மாட்டுக்குத் தெரியாமல் மறுபடி ஊசி போட்டால் கரு கலையலாம்.

5. மூன்று ஊசிக்கும் நிற்காத மாட்டை விற்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பைப் புண், சத்துக் குறைவு, நேரம் தவறிய ஊசி என்று காரணம் ஏதாவது இருக்கும். பலவற்றைச் சரிசெய்யலாம்.

அந்த அக்காவும் இப்போது மாட்டை விற்கும் யோசனையை நிறுத்தி வைத்திருக்கிறார். முதலில் மருத்துவரிடம் காட்டப் போகிறார். சினை நிற்பதும் நிற்காததும் கருவுக்கும் கருப்பைக்கும் நடக்கும் பேச்சு. அதில் பெண்ணின் கைராசிக்கு இடமே இல்லை. இதை வீட்டிலும் தைரியமாகச் சொல்லுங்கள்!

கூட்டத்தில் பேச: நம் குழுவில் எத்தனை பேர் ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம்?