விமானத்தில் நுளம்பு மருந்து: பயணி மறுக்க முடியுமா?

கேள்வி: மெல்பேர்னில் இருக்கும் தம்பியிடம் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். அம்மாவுக்குத் தொய்வு. விமானத்துக்குள் நுளம்பு மருந்து அடிப்பார்களாம். எங்கள் சம்மதமில்லாமல் அடிக்கச் சட்டம் இடம் தருகிறதா, ஐயா?
வாசகி, கல்லடி

பதில்: தருகிறது. அவுஸ்திரேலியாவின் 2015 ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கு வந்திறங்கும் விமானங்களில் பூச்சி ஒழிப்பு நடந்திருக்க வேண்டும். அதற்குத் தனித்தனிப் பயணியின் சம்மதம் தேவையில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததே, பிறகு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதே ஆண்டின் இறுதியில்தான் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, இங்கு முன்பு காணப்படாத மலேரியா நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. டெங்கு நுளம்போ நம் கரையோரத்தில் கைவிடப்பட்ட தோணிகளில் தேங்கும் உவர்நீரில்கூடப் பெருகுவதை 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. அவுஸ்திரேலியாவின் அச்சத்துக்கு ஆதாரம் நம் வாவிக்கரையிலேயே இருக்கிறது.

ஆனால் அடிக்கும் அதிகாரம் எப்படியும் அடிக்கும் அதிகாரமாகிவிடாது. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 22 ஆம் உறுப்புரை, பூச்சி ஒழிப்பு ஆட்களுக்குக் காயம் விளைவிக்காமலும் இயன்றவரை அசௌகரியம் தராமலும் நடக்க வேண்டும் என்கிறது. விமானத்தில் எடுக்கப்படும் சுகாதார நடவடிக்கைகளைப் பயணிகளுக்கு அறிவிக்கச் சொல்கிறது 24 ஆம் உறுப்புரை. உங்கள் உரிமை இவ்விரண்டிலும்தான் நிற்கிறது. பணியாளர் நடைவழியில் ஸ்பிரே டின்னைப் பிடித்து நடப்பது முறைகளில் ஒன்று மட்டுமே. பயணிகள் ஏறுமுன்பே உட்பரப்புகளில் பெர்மெத்ரின் பூசி, எட்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறையும் ஏற்கப்பட்டதே. முறைப்படி அடித்தால் ஆபத்தில்லை என்று விமான நிறுவனம் சொல்லலாம். பொதுவான பயணிக்கு அது சரி. சுவாசக்குழாய் ஏற்கெனவே சுருங்கும் ஒருவருக்கு அந்தப் பதில் போதாது.

நட்டஈடு கடினம். விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் 17 ஆம் உறுப்புரை 'விபத்தால்' ஏற்பட்ட உடற்காயத்தையே கருதுகிறது; வழக்கமான மருந்தடிப்பு விபத்தாகாது என்றே எதிர்த்தரப்பு வாதிடும். ஆயினும் ஒலிம்பிக் ஏர்வேஸ் எதிர் ஹுசைன் வழக்கில், தொய்வுள்ள பயணியைப் புகையிலிருந்து தள்ளி அமர்த்தப் பணியாளர் மறுத்ததே விபத்து என்று 2004 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். ஆகவே பயணச்சீட்டு எடுக்குமுன் எந்த முறை என்று எழுத்தில் கேளுங்கள். வைத்தியரின் கடிதத்தை இணையுங்கள். கதவு பூட்டுமுன் பணியாளரிடமும் சொல்லுங்கள். அதன் பிறகும் அலட்சியம் செய்து அம்மாவுக்குப் பாதிப்பு நேர்ந்தால், வந்திறங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.