கீமோ தொடங்கும் முன் ஒருவரைப் பாருங்கள்

பயாப்சி முடிவில் புற்றுநோய் என்று வந்ததும் நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்கிறோம். அதே வாரம் பார்க்க வேண்டிய இன்னொருவர் மருத்துவ சமூகப் பணியாளர். நகை அடகுக்குப் போன பிறகுதான் பலர் இவரிடம் வருகிறார்கள்.

1. ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே "சோஷியல் ஒர்க்கர் எங்கே இருப்பாங்க?" என்று கேளுங்கள். இல்லை என்றால் காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள்.

2. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ், பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். தாமதம் இங்கேதான் செலவு வைக்கும்.

3. டாக்டரிடம் சொல்லத் தயங்கியதை இவரிடம் சொல்லுங்கள். 'கரண்டு வைக்க' (கதிர்வீச்சு சிகிச்சை) வேண்டும் என்றால் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, வாரக்கணக்கில் வர வேண்டியிருக்கும். கூலி போகும், பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் இருக்காது. "வீட்டுல பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைத் திருகும் பெண், மூன்றாவது வாரம் வராமல் போய்விடலாம். ஊர், பஸ் வசதி, கடன், வீட்டில் யார் யார் என்று எல்லாம் தெரிந்தால்தான் தங்குமிடமோ அறக்கட்டளை உதவியோ ஏற்பாடு செய்ய அவரால் முடியும்.

4. ரயிலில் வருகிறீர்களா? சலுகைப் படிவம் கேளுங்கள். சிகிச்சைக்காகப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் கட்டணம் இல்லை. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

5. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்காத குடும்பம் குறைவு. கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தே அப்பா புரிந்துகொள்வார் என்பதுதான் நிஜம். எப்படி, எவ்வளவு சொல்வது என்று சமூகப் பணியாளரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

6. இனி வலி தணிப்பு மட்டுமே என்று டாக்டர் சொன்னாலும் இவரை விட்டுவிடாதீர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சேவை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தரச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் இந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது. காப்பீடு முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர் இடைத்தரகர், கொடுக்காதீர்கள்.