குவாய் பாலத்தை எப்படிப் பார்ப்பது

செந்தூல்

அன்புள்ள மருமகளுக்கு,

படிவம் ஐந்து தேர்வு முடிந்துவிட்டது, இனிப் பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கப் போகிறேன், எதில் தொடங்கலாம் மாமா என்று கேட்டிருந்தாய். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் தொடங்கு. 1957இல் வந்தது, 7 ஆஸ்கார் வாங்கியது, இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். கைப்பேசியில் பார்க்காதே. அகலத்திரைக்காக டேவிட் லீன் எடுத்த படம் அது. வீட்டுத் தொலைக்காட்சியில், விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல் பார்.

முதல் தடவை நடிகர்களுக்காக மட்டும் பார். ஒரு படத்திடம் மனத்தைப் பறிகொடுத்தவருக்குத்தான் அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

அலெக் கின்னஸ் இதில் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயக் கர்னல். போர்க்கைதிகளில் அதிகாரிகளும் கூலிவேலை செய்தாக வேண்டும் என்கிறார் ஜப்பானிய முகாம் தலைவர் சைட்டோ. ஜெனீவா ஒப்பந்தப்படி அது கூடாது என்று புத்தகத்தையே எடுத்துக் காட்டுகிறார் கர்னல். அவரைத் தகரக் கூண்டில் அடைத்து வெயிலில் வாட்டுகிறார்கள். பிறகு வெளியே விடும்போது அவர் நடக்கும் நடையைக் கவனி. கால்கள் துவள்கின்றன; மானம் மட்டும் விறைத்து நிற்கிறது. போலியோவிலிருந்து தேறிவந்த தன் மகனின் நடையை மனத்தில் வைத்துத்தான் கின்னஸ் அப்படி நடந்தார். தம் நடிப்பிலேயே சிறந்தது அந்த நடைதான் என்று அவரே கருதினார். ‘திருவிளையாடல்’ படத்தில் மீனவராக சிவாஜி நடந்துவருவதற்கு இன்னமும் கைதட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் நீ. இந்த நடை உனக்கு உடனே பிடிபடும்.

சைட்டோவாக வருபவர் செஸ்யூ ஹயகாவா. அவரை வில்லன் என்று ஒதுக்கிவிடாதே. 1915இல் செசில் பி. டெமில் இயக்கிய ‘தி சீட்’ என்ற மௌனப் படத்தால் அமெரிக்காவே கொண்டாடிய நட்சத்திரம் அவர். ஆசிய முகம் ஒன்று ஹாலிவுட்டின் உச்சத்தில் இருந்த காலம் அது. எழுபது வயதில் அவர் இந்தப் படத்துக்கு வந்தார். கர்னலிடம் தோற்ற பிறகு தனியே அழும் காட்சியில் அவர் என்ன செய்கிறார் என்று பார். வில்லியம் ஹோல்டனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. திரையில் தெரிந்த கணத்திலேயே உனக்குப் பிடித்துவிடும்.

இரண்டாம் தடவை, பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாதே. மூலக்கதை எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். போருக்கு முன் நம் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். படம் வெளியானபோது திரைக்கதை என்ற இடத்திலும் அவர் பெயர்தான் வந்தது, ஆனால் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்டுகள் என்று கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்ததால் அவர்கள் பெயரைப் போட முடியவில்லை. 1984இல்தான் அந்தத் திரைக்கதைக்கான ஆஸ்கார் அவர்களுக்கு உரியது என்று ஒப்புக்கொண்டார்கள். விருது வழங்கப்படுவதற்குள் இருவரும் இறந்துவிட்டார்கள்.

மூன்றாம் தடவை பார்க்கும்போது ஒன்றை மட்டும் தேடு: இந்தப் படத்தில் நம்மவர்கள் எங்கே?

கண் வலிக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். படத்தில் கைதிகள் கட்டும் பாலம், நம் பெரியவர்கள் சயாம் மரண ரயில் என்று சொன்னார்களே, அந்தப் பாதையில்தான் வருகிறது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் தண்டவாளம். சுமார் 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே உழைத்தார்கள், 12,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளிகள் அங்கே இருந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பால்மரத் தோட்டத்துத் தமிழர்கள். முதலில் நல்ல கூலி என்று ஜப்பானியர்கள் ஆசை காட்டினார்கள். ஆள் போதாமல் போனதும் பிடித்து ஏற்றினார்கள். இலவசப் படம் என்று அறிவித்து, கூட்டம் சேர்ந்ததும் கொட்டகைக் கதவைப் பூட்டி, அப்படியே ரயிலுக்குக் கொண்டுபோனதும் பதிவாகியிருக்கிறது. படம் பார்க்கப் போன பாவத்துக்குக் காட்டில் செத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சினிமா ரசிகனான எனக்கு இதை நினைக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

ராணுவக் கைதிகளுக்குத் தங்கள் டாக்டர்கள் இருந்தார்கள். யார் எப்போது இறந்தார் என்று குறித்துவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் வைத்தியரும் இல்லை, பேரேடும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ராணுவக் கல்லறைத் தோட்டம் பசும்புல் வளர்த்து, வரிசை பிசகாமல் பராமரிக்கப்படுகிறது. அங்கே நம்மவர் பெயர் எதுவும் கிடையாது. ஜெனீவா புத்தகத்தைக் கர்னல் எடுத்துக் காட்டும் காட்சியில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. காட்டிக் கேட்பதற்கு அப்படி ஒரு புத்தகமே இல்லாதவர்கள் அதே பாதையில் மண் சுமந்தார்கள் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. இரண்டும் என் மனத்தில் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட எனக்கு மனமில்லை.

நம் செந்தூல் ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர். தண்டவாளம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ‘உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர்கள் உண்டா’ என்று வயதான யாரையாவது கேள். மெதுவாகக் கேள், அவர்கள் அழக்கூடும். சொல்வதை எழுதிவை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டு நாவல்களும் நூலகத்தில் கிடைத்தால் விடாதே. லீன் காட்டாதவர்களை நம் எழுத்தாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள ஆசை குறையவில்லை, உனக்கும் குறைய வேண்டாம். கைதிகள் விசிலடித்துக்கொண்டே முகாமுக்குள் அணிவகுத்து வரும் காட்சியில் நீயும் தாளம் போடு. இலங்கையில், கித்துல்கலையில் களனி ஆற்றின் குறுக்கே உண்மையாகவே ஒரு பாலம் கட்டி, அதை உண்மையாகவே வெடித்துத் தகர்த்தார்கள். அந்த இடம் வரும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாய்.

அடுத்த படத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பில்லி வைல்டரின் ‘சன்செட் புலவார்ட்’, 1950. அதிலும் ஹோல்டன் உண்டு. புகழ் மங்கிப்போன மௌனப்பட நடிகையாக குளோரியா ஸ்வான்சன் வருகிறார். அவரும் உண்மையில் மௌனப்பட நட்சத்திரம்தான். அந்த நடிகை மறுபடி வாய்ப்புக் கேட்டு ஒரு இயக்குநரைத் தேடி ஸ்டூடியோவுக்குப் போவார். அந்த இயக்குநராக வருபவர் செசில் பி. டெமிலேதான், சொந்தப் பெயரிலேயே. ஹயகாவாவை நட்சத்திரமாக்கியவர் என்று சட்டென்று அடையாளம் கண்டுகொள்வாய். பார்த்த அன்றைக்கே எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா