அந்தமானுக்குக் கிளம்பும் கடைசி பெஞ்சு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது.  

கல்லூரியை விட்டு 25 வருடம் ஆகிறது, பழைய செட்டு முழுவதும் அந்தமானில் கூடப் போகிறது, ஏற்பாடெல்லாம் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். மாமா அங்கே உத்தியோகம் பார்த்தவர் என்பதால் யோசனை கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

போர்ட் பிளேர்க்காரர்களுக்கு இப்படிப்பட்ட கூட்டங்கள் பழகிய காட்சி. (2024 செப்டம்பரில் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். மாமாவுக்கு வாயில் வருவது பழைய பெயர்தான்.) எல்லோருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட், முதுகில் பேட்ச் வருடம், விமான நிலைய வாசலில் இறங்கியதும் ஒரு குரூப் போட்டோ. அதே கூட்டம் ஊர் திரும்பும்போது பார்த்தால் இரண்டு ரகம் தெரியும். ஒரு ரகம் வரிசையில் நின்றபடியே பேச்சை முடிக்க மனமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். இன்னொரு ரகம் ஆளுக்கொரு நாற்காலியில் போனைப் பார்த்தபடி களைத்துக் கிடக்கும். களைத்தவர்கள்தான் பெரும்பாலும் அதிக இடம் பார்த்தவர்கள். கப்பல், காசு, மருந்து மூன்றையும் முன்கூட்டியே இறுக்கிக் கட்டிவிட வேண்டும். மற்றதையெல்லாம் தளர விட்டுவிட வேண்டும். மாமாவின் யோசனை மொத்தமும் இதற்குள் அடங்கும்.

முதலில் பொழுதைப் பற்றி. அந்தமானில் அது சீக்கிரம் சாய்ந்துவிடும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் அதற்கும் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறது. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னதாகவே சூரியன் உதித்து, முன்னதாகவே மறைந்தும் விடுகிறது. ஜனவரி தொடக்கத்தில் சாயங்காலம் ஐந்தே காலுக்குள் சூரியன் போய்விடும். ஆறு மணிக்கு நல்ல இருட்டு. படுக்கைக்குப் போக இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும்.

டூர் ஏஜென்ட்டுகளுக்கு இந்த ஐந்து மணி நேரம்தான் தலைவலி. டி.ஜே., கேம்ப்ஃபயர், லக்கி டிரா என்று எதையாவது போட்டு அடைக்கப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். 25 வருடம் கழித்து அத்தனை பேரும் வேலை, பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டு வருவது இந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான். ஒரு முற்றம், வட்டமாகப் போட்ட நாற்காலிகள், கொசுவத்தி, ஒரு கெட்டில் டீ. இவ்வளவு போதும். ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் எல்லோரும் கத்திப் பேச வேண்டும். கத்திப் பேசினால் பழைய கேலி மட்டும்தான் வெளியே வரும், மனதில் இருப்பது வராது.

ஒரு காலத்தில் போன் தானாகவே செத்துக் கிடந்தது. தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி கேபிள் போட்டுத் தொடங்கிவைத்த பிறகு, ஹேவ்லாக் தீவு வரைக்கும் இணையம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனவே இனி கட்டுப்பாட்டை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து சாப்பாடு முடியும்வரை எல்லா போனும் ஒரு துணிப்பையில். வீட்டிலிருந்து அவசரம் என்றால் கூப்பிட ஒரே ஒரு நம்பர், அமைப்பாளருடையது. இதைப் புறப்படும் முன்பே எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடு. அங்கே போய்ச் சொன்னால் சண்டைதான் வரும்.

இனி கப்பல். அந்தமான் நிகோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்பது சர்க்கார் கணக்கு. அதில் மனிதர் வாழ்வது 31-இல் மட்டும். உங்களுக்கு வேண்டியது மூன்றே: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் பெயர் மாறின. டிக்கெட்டில் புதுப் பெயர் இருந்தால் வேறு ஊர் என்று பதற வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலிலேயே போகலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், ஒரு வழிக்கு மட்டும் சுமார் மூன்று நாள் ஆகும் என்று சொல்லி உட்கார வை.

தீவுக்குத் தீவு போக ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து சர்க்கார் கப்பல் உண்டு, ஹேவ்லாக்குக்கு இரண்டரை மணி நேரம். தனியார் கப்பல்கள் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். காசு அதிகம், பெரும்பாலும் கதவு அடைத்த ஏ.சி., வெளியே நிற்க முடியாது. சர்க்கார் கப்பலில் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். மாமாவின் ஓட்டு சர்க்கார் கப்பலுக்குத்தான். ஆனால் அது தீவுவாசிகளின் பஸ். காய்கறிக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியும் அதில்தான் போக வேண்டும். இருபது பேர் சேர்ந்து கும்மாளம் போட்டு அவர்கள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு முறை ஹேவ்லாக் ஜெட்டியில் கண்ட காட்சி இது. கடல் அன்று கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய ஒரு பெரிய மனிதர், வங்கியில் உயர் பதவியாம், ஓரமாகக் குனிந்து வாந்தி எடுக்கிறார். பக்கத்தில் ஒருவர் பாலிதீன் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஊட்டி டூர்லயும் நான்தாண்டா பிடிச்சேன்" என்கிறார். வாந்தி எடுத்தவர் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். முதல் நாள்வரை "சார்" போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்களாம். எதற்கும் கப்பல் ஏறுவதற்கு அரை மணி முன்பே தலைசுற்றல் மாத்திரை போடச் சொல். சாப்பிட்டவுடன் ஏறவும் வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். இரண்டு இட்லி கணக்கு.

மாதம் பிப்ரவரியோ மார்ச்சோ ஆகட்டும். கடல் அமைதியாக இருக்கும். மே தொடங்கிச் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு வடகிழக்கு, கூடவே புயல். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் கப்பல் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் மீட்டு வந்தன. நல்ல மாதத்திலும் கப்பல் ரத்தாகலாம். எனவே ஹேவ்லாக்கிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் விமானம் பிடிக்கிற திட்டமே வேண்டாம். கடைசி இரவு போர்ட் பிளேரில்தான்.

தண்ணீருக்குள் இறங்க நினைப்பவர்களுக்கு அந்தக் கடைசி இரவு இன்னொரு வகையிலும் அவசியம். ஸ்கூபா டைவிங் முடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது டைவிங் மருத்துவர்களின் விதி. இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா, இதயம், காது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் புகை, கொலஸ்ட்ரால், பிரஷர் பற்றித் தனியாகவே கேள்வி உண்டு. உங்கள் செட்டு சரியாக அந்த வயதில் நிற்கிறது. "ஆம்" என்று எழுத வேண்டியவர்கள் ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கி வரட்டும். பயந்தாங்கொள்ளி என்று நண்பர்கள் கேலி பண்ணுவதற்குக் கூசி "இல்லை" என்று எழுதுகிறவர்கள்தான் ஆபத்து. ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்டி போர்ட் பிளேர் வர வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்.

குடி பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முழுமையாகாது. குடிப்பவர்களைத் திருத்த இந்தப் பயணம் போதாது. குடித்தவர் கடலில் கால் நனைக்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் இரும்புக் கட்டளையாக வை. அங்கே அலை மட்டுமல்ல, உவர்நீர் முதலையும் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய ஒதுக்குப்புறத்தில் ஓர் அமெரிக்கப் பயணியை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் போட்டோவுக்காகக்கூட இறங்க வேண்டாம். உங்கள் செட்டில் பெண்களும் வருகிறார்கள் அல்லவா? ராத்திரிப் பேச்சு குடிக்கிறவர்களின் வட்டமாகச் சுருங்கினால் பெண்கள் தங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குடிக்கிற கூட்டம் சாப்பாட்டுக்குப் பிறகு தனியே உட்காரட்டும்.

காசு விஷயம்தான் உறவைக் கெடுக்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் டாலரில் சம்பாதிக்கிறார், ஒருவர் சொந்த ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். குரூப்பில் பட்ஜெட் கேட்டால் ஜெராக்ஸ் கடைக்காரர் கட்டை விரலை உயர்த்திவிட்டு, கடைசி வாரத்தில் "மாமனாருக்கு உடம்பு சரியில்லை" என்பார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு எவ்வளவு முடியும் என்று கேள். சொன்னதில் குறைந்த தொகை எதுவோ அதுதான் திட்டம். எல்லோருக்கும் ஒரே தரத்து அறை, ஒரே பந்தி. வசதிக்காரர் கூடுதலாகக் கொடுக்க ஆசைப்பட்டால் உன்னிடம் காதும் காதும் வைத்தாற்போல் கொடுக்கட்டும், பொது நிதியில் போய்விடும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனி விதிமுறைகள் உண்டு. டிக்கெட் போடும் முன்பே அதை விசாரிக்கச் சொல்.

எங்கே போவது? குறைவாகப் போங்கள். ராதாநகரில் ஒரு சாயங்காலம். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது அதைத்தான். மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் நேரே கடலில் இறங்கும். நீல் தீவில் ஒரு காலை. அங்கே பவளப்பாறை வளைந்து பாலம்போல நிற்கும் இடத்தை நீர் வற்றும் நேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாளே விடுதியில் நேரம் கேட்டு வை. பாசி படிந்த பாறை, பள்ளங்களில் கணுக்காலளவு தண்ணீர். அதில் கரிய கடல் அட்டை அசையாமல் கிடக்கும், விரல் நகமளவு நண்டு ஓடும். வழுக்காத செருப்பு இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. மதியம் ஜெட்டிப் பக்கம் ஏதாவது வங்காளி ஓட்டலில் மீன் சாப்பாடு. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்தியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் அந்தத் தீவுகளில் இன்று கடை நடத்துகிறார்கள். அவர்கள் சமையலில் சேரும் கடுகெண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையை ஏஜென்ட் கட்டாயம் சேர்ப்பார். எடுத்துவிடச் சொல். விடியுமுன்னே எழுந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடியில், காவலோடு போகும் வாகன வரிசையான கன்வாய்க்காகக் காத்திருக்க வேண்டும். முந்தின ராத்திரிப் பேச்சு போச்சு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்தப் பகுதியில் அதை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. அவர்களைப் படம் எடுப்பது குற்றம். எடுக்காவிட்டாலும், ஜன்னல் வழியே மனிதர்களை எட்டிப் பார்த்துக்கொண்டு போகிற பயணம் உங்களுக்கு வேண்டாம்.

செல்லுலார் சிறையை விட்டுவிடாதே. ஆனால் அந்த டீ-ஷர்ட்டோடு ஆரவாரமாகப் போக வேண்டாம். 1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறைக்கு ஏழு கிளைகள் இருந்தன. இன்று நிற்பவை மூன்று. இடிந்துபோன கிளைகள் இருந்த இடத்தில்தான் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். கூடவே கைதானவன் பக்கத்தில் இருக்கிறானா, உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாமல் வருடக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். உள்ளே போய் நின்று பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்கு.

வர முடியாதவர்கள் பட்டியலையும் கையில் வைத்திரு. விசா சிக்கல், தாயாருக்கு டயாலிசிஸ், கடன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு ராத்திரி, துணிப்பையிலிருந்து ஒரே ஒரு போனை எடுத்து அவர்களை வரிசையாகக் கூப்பிடுங்கள். கடலைக் காட்டி வெறுப்பேற்ற வேண்டாம்; பேச்சுதான் முக்கியம். இறந்துபோனவர்கள் இருந்தால், ஊர் திரும்பியதும் பொது நிதியில் மீந்த காசோடு அந்த வீட்டுக்கு இரண்டு பேராவது போய் வரட்டும்.

பவளத் துண்டு, சங்கு என்று கரையில் கிடப்பதை யாரும் பெட்டியில் வைக்க வேண்டாம். பவளம் 1972 வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. விமான நிலையச் சோதனையில் பிடித்து நிறுத்தினால் ஒருவருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டிவரும்.

தேதி முடிவானதும் ஒரு வரி எழுது. ஃபீனிக்ஸ் பேயில் மாமாவுக்கு இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கப்பல் நேரம் மாறினால் முந்தின நாளே விசாரித்துச் சொல்லிவிடலாம். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசலாம், மொழிக் கவலை வேண்டாம். 

இப்படிக்கு,
அன்பு மாமா